கதவுக்குப் பின்னால் ஒரு முதலிடம்

இப்போதெல்லாம் யாரிடமும் நேராக ஒரு கேள்வி கேட்க முடிவதில்லை. உடம்பு எப்படி என்றால் 'ஏதோ போயிட்டிருக்கு' என்கிறார்கள். மகன் பரீட்சையில் எத்தனை வாங்கினான் என்றால் 'நல்லா எழுதியிருக்கான்' என்கிறார்கள். மைதானத்தில் இரண்டு பக்கம் பிள்ளைகள் ஓடி, பந்து வலைக்குள் போய், விசிலும் ஊதி முடித்த பிறகு யார் ஜெயித்தது என்று கேட்டால், 'எல்லாரும் நல்லா ஆடினாங்க' என்கிறார்கள். நான் கேட்டது அதுவா?

முப்பத்துநாலு வருஷம் எடை மேடையில் வேலை பார்த்தவன் நான். லாரி மேடைமேல் ஏறும். முள் நகரும், நிற்கும். நின்ற இடம்தான் எடை. 'நல்லா பாரம் ஏத்தியிருக்காங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் முதலாளி என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கொஞ்சம் தகராறு பண்ணும். எண்ணில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு மைதானத்தில் சாமான் அறைச் சாவி என்னிடம் வந்தது. பந்து, வலை, கோடு போடும் சுண்ணாம்பு, பிள்ளைகள் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் வண்ணப் பனியன்கள், எல்லாம் என் பொறுப்பு. கூடவே ஒரு பலகை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஆறு அணி, ஆறு நிறம். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. வாரா வாரம் ஆட்டம் முடிந்ததும் பலகையில் எழுதுவேன். பெற்றோர்கள் அதன் முன்னால் நின்று பேசாமல் பார்ப்பார்கள். சிலர் பேசியும் பார்ப்பார்கள்.

போன வருஷம் ஒரு அம்மா பயிற்சித் தலைவியாக வந்தார். அந்தக் காலத்தில் பெரிய அளவில் ஆடியவராம். முழங்காலில் அறுவை செய்த தழும்பு உண்டு, அதனால் நான் பாதி நம்பினேன். வந்ததும் கூட்டம் போட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டியல் வைத்தால் பயிற்சி கொடுப்பவர்கள் பெரிய பிள்ளைகளையே ஆடவிடுகிறார்கள், சின்னதுகள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தே வளர்கின்றன, பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளப் பழகாமல் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்கப் பழகுகின்றன என்றார். இனிமேல் பட்டியல் கிடையாது, புள்ளி கிடையாது, எல்லாப் பிள்ளையும் சம நேரம் ஆட வேண்டும் என்றார். சிவப்பு அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வக்கீல் எழுந்து, இது காலத்தின் தேவை என்று பத்து நிமிஷம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் சாவிக்கொத்து இருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் அறையில் சாய்த்து வைத்தேன். மறுவாரம் ஆட்டம் நடந்தது. எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் மூச்சு விடாமல் இருக்கச் சொன்ன மாதிரி இருந்தது. சாயங்காலம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கதவின் உட்பக்கத்தில் சாக்கட்டியால் ஆறு கோடு போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் அந்தந்த நிறத்தில் ஒரு பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் புள்ளி. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அறைக்குள் போய்ச் சாத்தினால் ஒழிய எழுத்து யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது வாரமே பச்சை அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ரொட்டிக்கடைக்காரர் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் கேட்டு வந்தார். உள்ளே போனவர் தவறுதலாகக் கதவைத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் ஆனது. வெளியே வந்து, "பம்ப் நல்லா வேலை செய்யுது, ஐயா" என்றார். பம்ப் வெளியே என் நாற்காலிக்குக் கீழே இருந்தது.

அதற்குப் பிறகு பம்ப்புக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. காலத்தின் தேவை பற்றிப் பேசிய வக்கீல் வந்தார். மஞ்சள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். பிள்ளைகளின் அப்பாமார், அம்மாமார், ஒரு பெரியம்மா, எல்லாரும் வந்தார்கள். ஒரே சனிக்கிழமையில் பதினேழு பேர் பம்ப் கேட்டார்கள். எங்களிடம் இருந்த பந்துகள் மொத்தம் பன்னிரண்டு. காற்றடிக்கிறவர் எதற்குக் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. வராதவர் வெள்ளை அணியின் தபால்காரர் ஒருவர்தான். அவர் அணி கடைசியில் இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் பேத்தி மஞ்சளில் ஆடினாள். எட்டு வயது. குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு மெலிவு. பந்து அவளிடம் வந்தால் முதலில் அதைப் பார்த்துச் சிரிப்பாள், பிறகுதான் உதைப்பாள். அதற்குள் பந்தை யாராவது கொண்டுபோய்விடுவார்கள். அதற்கும் சிரிப்பாள். சனிக்கிழமை என்றால் விடிவதற்குள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

என் நாற்காலியிலிருந்து நிறம் தெரியும், முகம் தெரியாது. கண்ணாடி போடுங்கள் என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணாடி விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? மஞ்சளில் மெலிவாக ஒன்று ஓடினால் அது குண்டூசி என்று வைத்துக்கொண்டு கை தட்டுவேன். பாதி ஆட்டம் முடிந்ததும் அறைக்குப் பின்னால் இருக்கிற குழாயில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் புட்டி நிரப்பப் போவேன். நான் திரும்பி வந்து உட்காரும்போது அடுத்த பாதி தொடங்கியிருக்கும்.

ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் குண்டூசி, "தாத்தா, நான் இன்னிக்கு ரெண்டு பக்கமும் ஆடினேன்" என்றாள். மைதானத்தின் இரண்டு பக்கமும் ஓடினாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சரி என்றேன். குழந்தை பேச்சுக்கு யார் அர்த்தம் பார்ப்பார்கள்.

பத்து வார ஆட்டத்தில் எட்டு வாரம் முடிந்தபோது கதவில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். கடைசி வாரம் அந்த இரண்டும்தான் மோத வேண்டும். பம்ப்புக்கு ஓய்வே இல்லை.

ஒன்பதாவது வாரம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஆட்டம். விசில் ஊதியதும் குண்டூசி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்னவென்று கேட்டேன்.

"எனக்கு இருமலாம்" என்றாள்.

"யார் சொன்னா?"

"கண்ணாடி சார்."

பாதி ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடினாள். நான் தண்ணீர் பிடித்துத் திரும்பி வந்தால் மறுபடியும் அதே இடத்தில், பனியன் இல்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இருமல் போய்விட்டதாம், இப்போது கால் வலியாம். வக்கீல் சார் சொன்னாராம். வக்கீல் எதற்கு மஞ்சள் பிள்ளைக்குக் கால் வலி சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணாடிக்கடைக்காரர் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

என் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். பிள்ளையை வாசலில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டையில் ஒன்றும் இல்லை. காலை மடக்கி நீட்டினாள். காலிலும் ஒன்றும் இல்லை. பிறகு டார்ச்சை அணைக்காமல் என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இதுல உங்க கை ஏதாவது இருக்கா?"

"என் கைக்கு அங்க என்ன வேலை" என்றேன். கையில் சாக்கட்டித் தூள் இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து யாரோ இருமும் சத்தம். போய்ப் பார்த்தேன். குண்டூசி கண்ணாடியின் முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்று இருமிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை பலமாக. என்னைப் பார்த்ததும், "தாத்தா, இது நிஜ இருமல் மாதிரி இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்குடா?"

"சார் இருமல்னு சொல்லிட்டாரே. எனக்கு வரலைன்னா அவர் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பூட்ஸைத் துடைத்து ஒரு பையில் போட்டு, எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் நீட்டினாள். நமக்கு ரொம்ப இருமல் வரும் உடம்பு போலிருக்கிறது, கால்பந்து சரிப்படாது என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்கடைக்குப் போனேன். கடையில் யாரும் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நான் வாயைத் திறப்பதற்குள் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டார். தொழில்காரர்கள் பயந்தால் தொழிலுக்குள் புகுந்துகொள்வார்கள். எழுத்து வேண்டாம், எண் காட்டுங்கள் என்றேன். காட்டினார். கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டார். நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே நடுவில், "என் பேத்திக்கு இருமல் எப்ப சரியாகும், தம்பி?" என்று கேட்டேன்.

கையில் இருந்த சில்லு கீழே விழுந்தது.

"நான் முதல் பாதியில மட்டும்தான் உக்கார வெச்சேன், ஐயா. ரெண்டாவது பாதியில அவ வக்கீல்கிட்ட போயிட்டா. கால் வலி அவர் போட்டது. அதுக்கு நான் பொறுப்பில்லை."

"வக்கீல்கிட்ட எதுக்குப் போனா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு சொன்னார். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிப் பிள்ளைகளும் பனியனை மாற்றிக்கொள்வார்களாம். மஞ்சள் பிள்ளைகள் சிவப்பைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பயிற்சிக்காரரிடம் போவார்கள், சிவப்புப் பிள்ளைகள் மஞ்சளுக்கு வருவார்கள். பயிற்சிக்காரர் மட்டும் அவர் நிறத்திலேயே நிற்பார். எல்லாப் பிள்ளையும் எல்லாரிடமும் கற்றுக்கொள்ளட்டும் என்று தலைவியம்மா முதல் வாரத்திலிருந்தே வைத்த முறையாம்.

நான் தண்ணீர் பிடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்.

மேடையில் லாரி ஏறினால் டிரைவரை முதலில் கீழே இறக்க வேண்டும். இறக்காவிட்டால் சரக்கோடு அவர் எடையும் சேர்ந்துகொள்ளும். அது எடை மேடையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். முப்பத்துநாலு வருஷம் ஒரு டிரைவரையும் உட்காரவிடாத நான், ஒன்பது வாரமாகச் சரக்கை இறக்கிவிட்டு டிரைவர்களை எடை போட்டிருக்கிறேன். அதுவும் போகட்டும், எட்டு வாரமாக இரண்டாவது பாதியில் எவர் வீட்டு மெலிந்த பிள்ளைக்கோ கை தட்டியிருக்கிறேன்.

"அப்போ கதவுல இருக்கிறது யாரோட புள்ளி?"

"எங்களோடது" என்றார். வெட்கம் வந்துவிட்டது அவருக்கு. "தெரியும் ஐயா. ஆனா மஞ்சளுக்கு நேரா பத்தொன்பதுன்னு இருக்கிறப்போ மனசு கேக்கலை. இந்த வாரம் ஜெயிச்சா முதலிடம்."

"முதலிடம் எங்க இருக்கு, தம்பி?"

"உங்க கதவுலதான்."

அவளை ஆடவிடுங்கள் என்று கேட்டேன். அவர் விட்டாலும் இரண்டாவது பாதியில் ரொட்டிக்கடைக்காரர் விடமாட்டார், அவருக்கும் ஒரு புள்ளிதான் முன்னிலை என்றார். அவர் எப்படியும் வயிற்று வலி போட்டுவிடுவார் என்று பயந்தார். போகும்போது மூக்கில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றவிடவில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தெருவுக்கு வந்தேன். எதிர்ப்பக்கக் கடைப்பலகையில் தூசி தெரிந்தது. இவ்வளவு தூசியா இந்த ஊரில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பச்சை இருபது. மஞ்சள் பத்தொன்பது. சிவப்பு பதினைந்து. அப்படியே இறங்கி, கடைசியில் வெள்ளை நாலு. ரொம்ப நேரம் நின்றேன். முள்ளை நகர்த்தச் சொல்லி என் காலில் விழுந்தவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்களும் உண்டு. ஒரு தடவையும் கை வைத்ததில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அழித்தாலும் அவரவர் மனதில் இருக்கும். அதை எந்தத் துணியால் துடைப்பது?

சாக்கட்டியை எடுத்தேன். வெள்ளைக்கு நேராக இருந்த நாலுக்கு முன்னால் ஒரு இரண்டு போட்டேன். இருபத்துநாலு. பச்சை ஜெயித்தாலும் இருபத்துமூன்று. மஞ்சள் ஜெயித்தாலும் இருபத்திரண்டு. இனி யாருக்கும் எட்டாது. ஒரே ஒரு இரண்டுதான். அதைப் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமை எதிர்வீட்டுக்குப் போகாமல் இன்னும் அலமாரியில் இருந்த பூட்ஸ் பையைக் குண்டூசியிடம் கொடுத்தேன். "எனக்கு இருமலாச்சே, தாத்தா" என்றாள். அது நேற்றோடு சரியாகிவிட்டது, சாரிடம் கேட்டுவிட்டேன் என்றேன். ஒரு தடவை இருமிப் பார்த்துக்கொண்டாள். வரவில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டாள்.

தலைவியம்மா அறை வாசலில் நின்று பனியன் பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். பம்ப் வேண்டும் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திறந்து வெளியே வந்தபோது அவர் முகம் வேகாத மாவு மாதிரி இருந்தது. என் காதருகே குனிந்து, "ஐயா, அது நாலுதானே?" என்றார்.

"என்ன நாலு?" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

தலைவியம்மா திரும்பிப் பார்த்தார். "என்ன நாலு?"

"நாலு பந்து" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "காத்து கம்மியா இருக்கு."

"அப்போ அடிங்க."

அவர் பனிப்புல்லில் மண்டிபோட்டு நாலு பந்துக்குக் காற்றடித்தார். நாலும் ஏற்கெனவே கல்லு மாதிரி இருந்தவை. அடுத்து வக்கீல் போனார். வெளியே வந்து ஏதோ சட்டம் சொல்ல வாயைத் திறந்தார், தலைவியம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தப்பு என்று சொல்ல வேண்டுமானால் 'நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்' என்று முதலில் சொல்ல வேண்டும். யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் வெளியே வந்து என்னை நேராகப் பார்த்தார், என் மூக்கில் இருந்த கண்ணாடியையும் பார்த்தார், மைதானத்துக்குப் போய்விட்டார். தபால்காரர் அங்கே வெள்ளைப் பிள்ளை ஒருவனுக்குப் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தான் முதலிடத்தில் இருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

விசில் ஊதினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் குண்டூசியை உள்ளே அனுப்பினார். எட்ட முடியாத இடத்துக்காக யார் பிள்ளைக்கு இருமல் போடுவார்கள்? பாதி ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. தலைக்கு மேலே பனியன்களைக் கழற்றி ஒருவருக்கொருவர் வீசிக்கொண்டார்கள். மஞ்சள் பச்சையானது, பச்சை மஞ்சளானது. குண்டூசிக்குப் பச்சைப் பனியன் முழங்கால் வரை வந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு வயிற்று வலி ஞாபகமே வரவில்லை. தோளைத் தட்டி உள்ளே போகச் சொன்னார்.

முகம் தெரிந்தது எனக்கு. அவள் ஓடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். பந்து வந்தது, சிரித்தாள், கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி வந்தது. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஓடிய ரொட்டிக்கடைக்காரர் மகனுக்குத் தள்ளினாள். அவனும் மஞ்சள் அணிப் பிள்ளைதான், டிராக்டர் என்பார்கள். டிராக்டர் உழுதுகொண்டு போய் வலைக்குள் விட்டான். நடுவில் ஒரு தடவை தூசி போய் அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்தது. இரண்டு பயிற்சிக்காரர்களும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள்.

எல்லாரும் போன பிறகு தலைவியம்மா வந்தார்.

"ஐயா, பம்ப் வேணும்" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்று சாவிக்கொத்தை எண்ணினேன். ஏழு சாவி. கதவு திறந்தது.

"வெள்ளை போன வாரம் நாலு இருந்துச்சே" என்றார்.

"நீங்களுமா?"

"பன்னெண்டு பந்துக்குப் பதினேழு பேர் பம்ப் கேட்டா எனக்குத் தெரியாதா? போன வாரம்தான் பார்த்தேன். உங்க பேத்தி இருமலைப் பத்தி எல்லாரையும் இன்னிக்கு நிக்க வெச்சுக் கேக்கணும்னு வந்தேன். அதுக்குள்ள இருமலே போயிடுச்சு." கதவைக் காட்டி, "இப்பவாவது புரியுதா, பட்டியல் எதுக்கு வேண்டாம்னு?" என்றார்.

"பட்டியல் தப்பு இல்லைம்மா. எடை போட்டவன் தப்பு. டிரைவரை இறக்காம போட்டுட்டேன்."

"பிள்ளை ஆடினா இல்ல?"

"அது உங்க முறையால ஆடலை. என் பொய்யால ஆடினா."

அவர் சிரித்துவிட்டார். ஈரத்துணி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். துடைத்தேன். மஞ்சள், பச்சை, சிவப்பு, எல்லாம் போனது. கடைசியாக வெள்ளைக்கு முன்னால் இருந்த இரண்டு. அதை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன். அடுத்த வருஷம் பாதி ஆட்டத்தில் தண்ணீர் பிடிக்க வேறு ஆள் போடுங்கள், நான் உட்கார்ந்து சரியாகப் பார்க்க வேண்டும் என்றேன். எதைப் பார்க்க என்று கேட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

வாசலில் குண்டூசி காத்திருந்தாள். பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவில்லை. எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள் இனி.

"தாத்தா, நான் இன்னிக்குப் பதினோரு தடவை பந்தைத் தொட்டேன்" என்றாள்.

"ஒன்பது" என்றேன்.

"பதினொண்ணு."

"ஒன்பதுதான். நான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

தெருமுனை வரைக்கும் அவள் பதினொன்று என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்பதுதான்.